உண்மை வடக்கு, காந்த வடக்கு, படகின் வடக்கு: கடலில் திசைக் கணக்கு போட ஒரு முழு வழிகாட்டி

சென்னையிலிருந்து கடலுக்குப் போகிறவருக்கு உண்மை வடக்கும் காந்த வடக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நடுவே ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் இருக்கும், அவ்வளவே. கரை தெரியும் தூரத்தில் தொழில் செய்து திரும்புகிறவர் அதைக் கண்டுகொள்ளத் தேவையில்லை. அதே ஆள் நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு வெளியே ஒரு படகை ஓட்டினால் வித்தியாசம் சுமார் 20° கிழக்கு. கேப் டவுன் பக்கம் போனால் 25° போல மேற்கு. நம் கடலில் பழகிய கை அங்கே போய்த் தடுமாறுவதற்கு இதுதான் காரணம். இங்கே கணக்கைத் தவறவிட்டாலும் கடல் மன்னித்துவிடுகிறது, அதனால் கணக்கு போடும் பழக்கமே வருவதில்லை.

சின்ன வித்தியாசம் கூட எப்போதும் சின்னதாக இருந்துவிடாது. 60 கடல் மைல் ஓட்டத்தில் 1° பிசகினால் ஏறத்தாழ 1 மைல் விலகல். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் நேர்க்கோட்டில் சுமார் 740 கடல் மைல். 2° பிசகை யாரும் திருத்தாமல் விட்டால் கடைசியில் 25 மைல் தள்ளிப் போய் நிற்போம்.

முதல் கப்பல் ஏறப்போகும் கேடட்கள், பாய்ப்படகு ஓட்டப் பழகுகிறவர்கள், ஆழ்கடலுக்கு விசைப்படகில் போகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். அமாவாசை இரவில் ஜிபிஎஸ் அணைந்த படகிலும் வேலை செய்யும்.

முதலில்: வடக்கு இரண்டு அல்ல, மூன்று

பூமி சுழலும் அச்சின் வட முனை இருக்கும் திசை உண்மை வடக்கு. சார்ட்டில் (கடல் வரைபடத்தில்) மேலிருந்து கீழே ஓடும் தீர்க்கரேகைகள் எல்லாம் இதைத்தான் காட்டுகின்றன.

பக்கத்தில் இரும்போ மின்கம்பியோ இல்லாத இடத்தில் காந்த முள் போய் நிற்கும் திசை காந்த வடக்கு. முள் காந்தத் துருவத்தை நேராகப் பார்த்து நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அந்தந்த இடத்தில் பூமியின் காந்தப்புலம் எப்படி ஓடுகிறதோ அப்படித்தான் முள் படுக்கிறது. தரைக்குக் கீழே சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில் தொடங்கும் வெளிக்கருவில் உருகிய இரும்பு ஓடிக்கொண்டே இருப்பதால் வருவது இந்தப் புலம். உருகிய இரும்பு ஒரே மாதிரி ஓடுவதில்லை, அதனால் புலமும் மாறிக்கொண்டே இருக்கிறது. 1831-ல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் வட காந்தத் துருவத்தைக் கனடாவின் வடக்கே பூத்தியா தீபகற்பத்தில் கண்டுபிடித்தார். இன்று அது ஆர்க்டிக் கடலில் சைபீரியா பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. 1990-களுக்குப் பிறகு நகர்வின் வேகம் கூடி ஆண்டுக்கு 50 கி.மீ.யைத் தொட்டது. உலக காந்த மாதிரி என்ற கணக்கை அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்கள் சேர்ந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கின்றன. அந்த வேகத்தால் 2019 பிப்ரவரியில் இடையிலேயே ஒரு திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. அடுத்த முழுப் பதிப்பு 2019 டிசம்பரிலும், அதற்கு அடுத்தது 2024 டிசம்பரிலும் வந்தன.

ஒரே ஊரில் இது எவ்வளவு மாறும் என்பதற்கு லண்டன் நல்ல சாட்சி. 1820 வாக்கில் அங்கே முள் 24° மேற்கே சாய்ந்திருந்தது. 2019-ல் கிரீனிச்சில் அது உண்மை வடக்கோடு வந்து ஒட்டியது. பழைய சார்ட்டில் அச்சிட்ட எண்ணை அப்படியே எடுத்துப் போட முடியாது என்பது இதிலிருந்து தெரியும்.

மூன்றாவது, காம்பஸ் வடக்கு. உங்கள் படகில், உங்கள் சுக்கானுக்கு முன்னால் பொருத்திய காம்பஸ் காட்டுகிற வடக்கு இது. இன்ஜின், வின்ச், ஸ்பீக்கர், இரும்புத் தளம் எல்லாம் சேர்ந்து முள்ளைக் கொஞ்சம் இழுக்கும்.

உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள கோணம் வேரியேஷன். காந்த வடக்குக்கும் காம்பஸ் வடக்குக்கும் உள்ள கோணம் டீவியேஷன். வேரியேஷன் இடத்தையும் ஆண்டையும் பொறுத்தது. பக்கத்துப் படகுக்கும் அதேதான். டீவியேஷன் படகையும், படகு எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கிறது என்பதையும் பொறுத்தது. பின்னால் வரும் குழப்பங்களில் முக்கால்வாசி இந்த இரண்டையும் கலந்துவிடுவதால் வருவதுதான்.

வடக்கு இரண்டுதான் என்று படித்தவர்கள் வேரியேஷனோடு நின்றுவிடுகிறார்கள். என் கணிப்பில் அதைவிட ஆபத்தானது டீவியேஷன். வேரியேஷன் சார்ட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. டீவியேஷனை எவரும் நமக்காக அச்சிட்டுத் தரமாட்டார்கள்.

படி 1: சார்ட்டில் கோடு, உண்மைத் திசை

புறப்படும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் கோடு போடுங்கள். கோட்டின் வழியில் பாறை, ஆழமில்லாத இடம், தடை செய்த பகுதி எதுவும் இல்லையென்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பேரலல் ரூலரை (சாய்வு மாறாமல் நகரும் இரட்டை அளவுகோலை) கோட்டிலிருந்து நகர்த்தி, அருகிலுள்ள காம்பஸ் ரோஸின் (சார்ட்டில் அச்சிட்ட திசை வட்டத்தின்) நடுப்புள்ளிக்குக் கொண்டுபோங்கள். ரோஸில் இரண்டு வளையம் இருக்கும். வெளி வளையம் உண்மை வடக்கை ஒட்டியது, உள் வளையம் காந்த வடக்கை ஒட்டியது. எப்போதும் வெளி வளையத்திலேயே படியுங்கள். உள் வளையம் சார்ட் அச்சான ஆண்டின் காந்த வடக்கைக் காட்டுவது. அதில் படித்தால் பழைய கணக்கு உள்ளே நுழைந்துவிடும்.

ரூலரின் இரு முனையும் ரோஸில் இரண்டு எண்களைக் காட்டும், ஒன்றுக்கொன்று 180° எதிர். வடகிழக்கே போக வேண்டியவர் 059 படிப்பதற்குப் பதில் 239 படித்துவிடுவது நடக்கக்கூடியதுதான். கணக்கு போடும் முன் "நான் ஏறக்குறைய எந்தப் பக்கம் போகிறேன்?" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது நல்லது.

திசையை எப்போதும் மூன்று இலக்கத்தில் எழுதுங்கள்: 059, 007. பக்கத்திலேயே உண்மை, காந்தம், காம்பஸ் என்று அது எந்தக் கணக்கு என்பதையும் குறித்துவிடுங்கள். பெயர் போடாத திசை எண் ஆபத்தானது. இரண்டு மணி நேரம் கழித்து அது எது என்று எழுதியவருக்கே தெரியாது.

நீரோட்டம் தள்ளுவதையும் காற்று பக்கவாட்டில் ஒதுக்குவதையும் திருத்துவதாக இருந்தால் இந்த இடத்திலேயே, உண்மைத் திசையில் வைத்தே திருத்துங்கள். காம்பஸ் எண்ணாக மாற்றியபின் அவற்றைக் கலந்தால் எதை எங்கே சேர்த்தோம் என்பதே மறந்துபோகும்.

படி 2: வேரியேஷனை இன்றைய தேதிக்குக் கொண்டுவருதல்

ரோஸின் நடுவில் ஒரு வரி இருக்கும். உதாரணத்துக்கு, 4°10' மேற்கு, 2016, அடைப்புக்குறிக்குள் 8' கிழக்கு என்று வைத்துக்கொள்வோம். 2016-ல் வேரியேஷன் 4°10' மேற்கு. ஆண்டுதோறும் 8 நிமிடம் கிழக்கு நோக்கி நகர்கிறது என்று அர்த்தம். 2026-ல் பயன்படுத்தினால் 10 ஆண்டு, 80 நிமிடம், அதாவது 1°20' கிழக்கு நகர்வு. மேற்கில் இருப்பது கிழக்கே நகர்ந்தால் குறையும். ஆக 2°50' மேற்கு. சுக்கான் பிடிக்க 3° மேற்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதை மறந்து 80 நிமிடத்தை 0.80° என்று எடுப்பவர்கள் உண்டு. கால்குலேட்டர் இதைப் பிடித்துத் தராது.

பெரிய சார்ட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ரோஸ்கள் இருக்கும். உங்கள் கோட்டுக்கு மிக அருகில் இருப்பதை எடுங்கள். நீண்ட பயணத்தில் வழியெங்கும் வேரியேஷன் மாறும், அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் புதிதாகக் கணக்கு போட வேண்டும். சில இடங்களில் கடலடிப் பாறையின் இரும்பால் முள் உள்ளூரிலேயே தடுமாறும். சார்ட்டில் காந்தப் பிறழ்வு என்று எச்சரிக்கை அச்சிட்டிருந்தால் அங்கே காம்பஸை மட்டும் நம்ப வேண்டாம்.

படி 3: உண்மையிலிருந்து காந்தத்துக்கு

விதி ஒன்றுதான். சார்ட்டிலிருந்து காம்பஸுக்கு வரும்போது மேற்கைக் கூட்டு, கிழக்கைக் கழி. காம்பஸிலிருந்து சார்ட்டுக்குப் போகும்போது தலைகீழ்.

இனி ஆக்லாந்துக்குப் போவோம். அங்கே வேரியேஷன் பெரியதாகையால் பிசகு பளிச்சென்று தெரியும். டிரிடிரி மடாங்கி தீவின் கலங்கரை விளக்கத்திலிருந்து கிரேட் பேரியர் தீவின் டிரைஃபீனா துறை வாய்க்குப் போக வேண்டும். கோடு ஏறத்தாழ 059 உண்மை, தூரம் சுமார் 32 கடல் மைல். வேரியேஷன் 20° கிழக்கு என்று வைத்துக்கொண்டால் 059-லிருந்து 20 கழித்து 039 காந்தம். இது பயிற்சிக்கான கணக்கு; உண்மையில் ஓட்டப் போகிறவர் புதிய சார்ட்டில் தானே அளந்துகொள்ள வேண்டும்.

படி 4: காந்தத்திலிருந்து காம்பஸுக்கு

படகு எந்தத் திசையில் முகம் காட்டினால் எவ்வளவு டீவியேஷன் என்று எழுதிவைத்த டீவியேஷன் அட்டை இதற்குத்தான். நம் கற்பனைப் படகின் அட்டை இப்படி இருக்கட்டும்:

வடக்கு 000: 0°
வடகிழக்கு 045: 3° மேற்கு
கிழக்கு 090: 5° மேற்கு
தென்கிழக்கு 135: 3° மேற்கு
தெற்கு 180: 0°
தென்மேற்கு 225: 3° கிழக்கு
மேற்கு 270: 5° கிழக்கு
வடமேற்கு 315: 3° கிழக்கு

039 காந்தம் வடகிழக்கை ஒட்டியிருப்பதால் டீவியேஷன் 3° மேற்கு. மேற்கைக் கூட்டினால் 042 காம்பஸ். சுக்கான் பிடிப்பவரிடம் சொல்ல வேண்டிய எண் இந்த 042.

எந்தக் கணக்கும் போடாமல் ஒருவர் சார்ட்டில் படித்த 059-ஐ அப்படியே காம்பஸில் பிடித்தால்? 059-லிருந்து டீவியேஷன் 3 கழித்து, வேரியேஷன் 20 கூட்டினால் படகு உண்மையில் போவது 076. வழியிலிருந்து 17° வலப்பக்கம். சுமார் 22 மைலில் கோரமண்டல் தீபகற்பத்தின் வட முனைப் பக்கம் கரை எதிரே வந்துவிடும். 1820-ல் அங்கே வந்த கோரமண்டல் என்ற கப்பலால் அந்தத் தீபகற்பத்துக்கு அந்தப் பெயர். கப்பலுக்கு நம் சோழமண்டலக் கரையால். தமிழ் மாலுமி போய் மோத அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டால் இன்னும் மோசம். கணக்கே போடாதவருக்கு வேரியேஷன் அளவுதான் பிசகு, குறியை மாற்றிப் போட்டவருக்கு அதைப் போல இரண்டு மடங்கு, இங்கே 40°. சந்தேகம் வந்தால் மனக்கணக்கை விட்டுவிட்டுக் காகிதத்தில் மூன்று கோடு வரையுங்கள்: நேர் மேலே உண்மை வடக்கு, வேரியேஷன் கிழக்கானால் அதற்கு வலப்பக்கமும் மேற்கானால் இடப்பக்கமும் சாய்ந்து காந்த வடக்கு, பிறகு படகின் திசை. எந்தக் கோணம் பெரியது என்று கண்ணுக்கே தெரியும்.

படி 5: எதிர்த்திசையில், பேரிங் எடுக்கும்போது

போகிற வழியில் ஓர் அடையாளத்தைப் பார்த்து, அதன் பேரிங்கை, அதாவது நம்மிடமிருந்து அது தெரியும் திசையை, சார்ட்டில் போட வேண்டும். மேலே சொன்ன பயணத்தில் காம்பஸில் 042 பிடித்துப் போகும்போது கோரமண்டல் தீபகற்பத்தின் வட முனையான கோல்வில் முனை 085 காம்பஸில் தெரிகிறது என்போம். டீவியேஷன் எவ்வளவு?

அட்டையில் 090-க்கு 5° மேற்கு என்று இருக்கிறது, 085 அதன் பக்கம், ஆகவே 5° என்று எழுதுவது பரீட்சையிலும் கடலிலும் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. முள்ளை இழுப்பது படகின் இரும்பு. அந்த இரும்பு எப்படி இழுக்கும் என்பதை முடிவு செய்வது படகு முகம் காட்டும் திசை. நீங்கள் எந்த முனையைப் பார்க்கிறீர்கள் என்பது இரும்புக்குத் தெரியாது. படகு 042-ல் இருக்கும்வரை எந்தப் பக்கம் பேரிங் எடுத்தாலும் டீவியேஷன் 3° மேற்குதான்.

ஆகவே 085-லிருந்து 3 கழித்து 082 காந்தம்; 20 கூட்டி 102 உண்மை. இதைச் சார்ட்டில் போடுங்கள்.

கையில் பிடிக்கும் காம்பஸில் எடுத்தால் அட்டை அதற்குப் பொருந்தாது. இன்ஜினிலிருந்தும் கம்பிகளிலிருந்தும் விலகி நின்று எடுத்து, டீவியேஷன் இல்லை என்று வைத்துக்கொள்வது வழக்கம். இரும்புத் தளத்தில் நின்றால் அதுவும் சரிப்படாது.

படி 6: படகு சொல்வதைச் சோதித்தல்

1854 ஜனவரி 19 அன்று டெய்லர் என்ற புத்தம்புது இரும்புப் பாய்க்கப்பல் லிவர்பூலிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. ஐரிஷ் கடலில் தெற்கே போவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அயர்லாந்தின் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டே நாளில் டப்ளினுக்கு அருகே லாம்பே தீவின் பாறையில் மோதி நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். வேறு குறைகளும் இருந்தன. ஆனாலும் இரும்பு உடலில் காம்பஸ்கள் சரியாகக் காட்டாதது முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது. அந்தக் கப்பலின் காம்பஸ்கள் கிளம்பும் முன் திருத்தப்பட்டவைதான். ஒருமுறை திருத்தினால் போதும் என்ற நம்பிக்கைக்கு இதைவிட விலை உயர்ந்த மறுப்பு கிடையாது. கப்பல் கட்டும்போது சுத்தியலடி வாங்கிய இரும்பு ஒரு வகையாகக் காந்தம் ஏறியிருக்கும். கடலில் அலை அடித்து உலுக்கினால் அது மாறும்.

இன்று பெரிய கப்பல்களில் காம்பஸ் பீடத்தின் இருபுறமும் இரும்பு உருண்டைகள், உள்ளே காந்தத் துண்டுகள், முன்னால் நிமிர்ந்த ஒரு இரும்புத் தண்டு என்று பார்த்திருப்பீர்கள். முள்ளை இழுக்கும் கப்பலின் இரும்பை எதிர்த்து இழுக்க வைத்தவை அவை. தண்டுக்கு மேத்யூ ஃபிளிண்டர்ஸ் பெயர். அவற்றைத் தொடுவது தேர்ந்தவர் வேலை. நாம் செய்யக்கூடியது சோதனை, அதற்கு மூன்று வழிகள் சொல்கிறேன்.

ஒன்று, இரண்டு அடையாளம் ஒரே கோட்டில் வருவது. கோபுரமும் மலை முகடும் ஒன்றாகத் தெரிகிற இடத்தில் பார் (கடலடிப் பாறைத் திட்டு) இருக்கிறது என்று கண்டுபிடிப்பது நம் கடற்கரையில் பழைய வித்தை. அதையே காம்பஸுக்கும் வைக்கலாம். சார்ட்டில் இருக்கும் இரண்டு அடையாளங்களின் கோட்டை உண்மைத் திசையில் அளந்து, வேரியேஷன் போட்டுக் காந்தத் திசையாக்கி, அவை ஒன்றாகும் கணத்தில் காம்பஸ் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். வித்தியாசம் அந்தத் திசைமுகத்துக்கான டீவியேஷன். கடல் அமைதியாக இருக்கும் நாளில் படகை மெதுவாகச் சுற்றி எட்டுத் திசையிலும் இதைச் செய்தால் உங்கள் சொந்த அட்டை தயார்.

இரண்டு, துருவ நட்சத்திரம். அது உண்மை வடக்கிலிருந்து ஒரு டிகிரிக்கும் குறைவாகவே விலகும். தமிழகக் கடலில் அடிவானத்துக்கு மேல் 8 முதல் 13 டிகிரி உயரத்தில் தாழ்வாக நிற்பது பேரிங் எடுக்க ரொம்ப வசதி; ஐரோப்பாவில் அண்ணாந்து பார்க்க வேண்டும். தெற்கு அரைக்கோளத்தில் இது கிடையாது, ஆக்லாந்தில் பயனில்லை.

மூன்று, சூரிய உதயமும் அஸ்தமனமும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாட்களில் சூரியன் நேர் கிழக்கே உதிக்கும். மற்ற நாட்களில் எவ்வளவு விலகும் என்பதற்கு ஒரு வகுத்தல் போதும்: சூரியனின் டெக்லினேஷனுடைய (வான நடுக்கோட்டிலிருந்து அது வடக்கே அல்லது தெற்கே விலகியிருக்கும் கோணத்தின்) சைனை, உங்கள் அட்சரேகையின் காஸால் வகுத்தால் விலகலின் சைன் கிடைக்கும். சென்னைக்கு அட்சரேகை 13°. ஜூன் 21 வாக்கில் டெக்லினேஷன் 23.4° வடக்கு. விலகல் சுமார் 24°. சூரியன் கிழக்கிலிருந்து 24° வடக்கே, அதாவது 066 உண்மையில் உதிக்கும். உங்கள் காம்பஸ் 069 காட்டினால் மொத்தப் பிசகு 3°. காம்பஸ் எண் கூடுதலாக இருப்பதால் மேற்கு. இடத்தின் வேரியேஷன் 1½° மேற்கு என்றால் மீதி 1½° மேற்கு உங்கள் படகுடையது. பேரிங் எடுக்கும்போது சூரியனின் கீழ் விளிம்பு அடிவானத்துக்கு மேல் அதன் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் இருக்க வேண்டும். காற்று ஒளியை வளைப்பதால் அந்த நேரத்தில்தான் சூரியன் உண்மையில் அடிவானத்தில் இருக்கிறது.

காம்பஸ் பக்கத்தில் செல்போன் வைக்காதீர்கள். ஸ்பீக்கர், கத்தி, இரும்பு டார்ச் எதுவும் கூடாது. புதிதாக ஏதாவது மின்கருவி பொருத்தியிருந்தால் அட்டையை மறுபடி போட வேண்டும். ஃபைபர் படகுதானே என்று விட்டுவிட வேண்டாம், அதற்குள் இன்ஜின் இருக்கிறது.

படி 7: கருவிகள் எந்த வடக்கைப் பேசுகின்றன?

ஜிபிஎஸ், சார்ட் பிளாட்டர், ஆட்டோ பைலட், ரேடார், செல்போன் காம்பஸ் ஆகிய ஒவ்வொன்றிலும் வடக்கு எது என்று ஒரு செட்டிங் இருக்கும்: உண்மை அல்லது காந்தம். ஒரே படகில் ஒன்று உண்மையிலும் இன்னொன்று காந்தத்திலும் இருந்தால் சென்னைக் கடலில் யாரும் கவனிக்க மாட்டார்கள். 20° வேரியேஷன் உள்ள கடலில் அதுவே பெரிய விபத்தாகும். கரையை விட்டுக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள். எனக்கு உண்மை வடக்குதான் விருப்பம், சார்ட்டும் அதில் இருப்பதால். சின்னப் படகில் கண்ணெதிரே ஒரு காந்தக் காம்பஸ் மட்டும் வைத்து ஓட்டுகிறவர் எல்லாவற்றையும் காந்தத்தில் வைப்பதும் நியாயமே.

ஜிபிஎஸ் காட்டும் திசை படகு தரையின் மேல் நகரும் திசை. காம்பஸ் காட்டுவது படகின் மூக்கு நோக்கும் திசை. நீரோட்டத்தில் இரண்டும் வேறாக இருப்பது இயல்பு. அந்த வித்தியாசத்தை டீவியேஷன் என்று அட்டையில் எழுதிவிடக் கூடாது. நின்ற படகில் ஜிபிஎஸ் காட்டும் திசைக்கு அர்த்தமே இல்லை. இன்னொரு படகுக்கு இடம் சொல்லும்போது திசையும் தூரமும் சொல்வதைவிட அட்சரேகை, தீர்க்கரேகை சொல்வது மேல். அவருடைய கருவி எந்த வடக்கில் இருக்கிறதோ தெரியாது.

பெரிய கப்பலில் ஜைரோ இருக்கும். வேகமாகச் சுழலும் சக்கரத்தைக் கொண்டு உண்மை வடக்கைத் தேடுவது அது. காந்தத்தோடு சம்பந்தமில்லை, வேரியேஷனும் இல்லை. ஆனால் அதற்கும் வேகத்தையும் அட்சரேகையையும் ஒட்டிய பிசகு உண்டு, மின்சாரம் போனால் அதுவும் போகும். அதனால்தான் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் விதிகள் ஜைரோ இருக்கும் கப்பலிலும் மின்சாரம் வேண்டாத காந்தக் காம்பஸ் ஒன்றைக் கட்டாயமாக்குகின்றன.

ஒவ்வொரு வாட்ச்சிலும் (பணிமுறையிலும்) ஒருமுறையும், திசையைப் பெரிதாக மாற்றியபின் முடிந்தபோதும் காம்பஸ் பிசகைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது வாட்ச் அதிகாரிகளுக்கான சர்வதேச விதி. நோட்டில் நேரம், இடம், படகின் திசைமுகம், உண்மைப் பேரிங், காம்பஸ் பேரிங், மொத்தப் பிசகு, வேரியேஷன், டீவியேஷன் என்று எட்டுக் கட்டம் போட்டு எழுதுங்கள். விசைப்படகிலும் இதே நோட்டை வைத்துக்கொள்ளலாம். சில மாதம் எழுதியபின் ஒரே திசைமுகத்துக்கான டீவியேஷன் மெல்ல மாறிவந்தால் அட்டை பழையதாகிவிட்டது. திடீரென்று மாறினால் முதலில் காம்பஸ் பக்கத்தில் யார் என்ன வைத்தார்கள் என்று பாருங்கள்.